மரப் பலகைக்கு மாறலாமா? – ஃபிங்கர்போர்ட் கேள்வி பதில்

போன இதழில் அரைப் பக்கத்துக்கு ஒரு விஷயம் எழுதியிருந்தேன். அக்கா மகன் விளையாடிச் சலித்துத் தூக்கிப்போட்ட பிளாஸ்டிக் ஃபிங்கர்போர்டில் ஒரு வருஷமாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தவன், கையால் செய்த மர டெக் ஒன்றை வாங்கி மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தேன் என்று. தெரியாதவர்களுக்கு: ஃபிங்கர்போர்ட் என்பது விரல் நீளத்துக்கு இருக்கும் குட்டி ஸ்கேட்போர்ட். ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் இரண்டு கால்கள். டெக் என்றால் அதன் பலகை. பலகைக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் இரண்டு உலோக அச்சுகளுக்கு ட்ரக் என்று பெயர். இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இரண்டு பேர் "இந்த வயதில் இது தேவையா" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் இல்லை, மற்றவர்களுக்கு இதோ.

பிளாஸ்டிக்கில் இல்லாதது மரத்தில் என்ன இருக்கிறது? என் மகனுக்கு ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிக் கொடுத்ததே நன்றாகத்தானே ஓடுகிறது?
– ஒரு வாசகர், திருச்சி

ஓடுவதில் ஒரு வித்தியாசமும் இல்லை சார். ஓடுவது சக்கரத்தின் வேலை. பலகையின் வேலை, நீங்கள் அதைத் தட்டும்போதுதான் ஆரம்பிக்கிறது.

பார்சல் வந்த அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பழைய போர்டிலிருந்து ட்ரக்குகளைக் கழற்றிப் புது மரத்தில் மாட்டி, சமையலறை கிரானைட் மேடையில் வைத்து, பிளாஸ்டிக்கில் தட்டிய அதே வேகத்தில் வால் பக்கத்தைத் தட்டினேன் (பலகையின் பின் நுனிதான் வால், முன் நுனி மூக்கு). பலகை எகிறி, காற்றில் ஒரு புரண்டு புரண்டு, நேராக சிங்க்கில் ஊற வைத்திருந்த குக்கருக்குள் விழுந்தது. புது மரம், முதல் நாள், சாம்பார் தண்ணீர். வார்னிஷ் போட்டிருந்ததால் பிழைத்தது.

ஏன் அப்படி எகிறியது என்று அப்புறம் நிதானமாகப் பார்த்தேன். என்னிடம் இருந்த பிளாஸ்டிக் பலகை ஏறக்குறையத் தட்டை, இரண்டு நுனியும் லேசாகத்தான் மேலே வளைந்திருக்கும். மர டெக்கில் அந்த வளைவு செங்குத்தாகவும் உயரமாகவும் இருந்தது. வால் தரையைத் தொடுவதற்குள் கூடுதலாகக் கொஞ்சம் தூரம் பயணம் செய்கிறது, அதனால் மூக்கு அதற்கேற்ப உயரமாகக் கிளம்புகிறது. அடுத்தது நடுக்குழிவு. பலகையின் இரண்டு ஓரமும் உயர்ந்து நடுவில் வாய்க்கால் மாதிரி பள்ளமாக இருக்கும், கான்கேவ் என்பார்கள். விரல் எங்கே இருக்கிறது, ஓரம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே விரலுக்குத் தெரிகிறது. பிளாஸ்டிக்கில் நான் எப்போதும் கண்ணால்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

மூன்றாவது சத்தம். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். பிளாஸ்டிக் 'சடக்' என்று அடிக்கும். மரம் 'டொக்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளும். மெல்லிய மரத்தாள் 5, ஒவ்வொன்றும் சுமார் அரை மில்லிமீட்டர், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அழுத்தியது. சிலவற்றின் ரேகை நீளவாக்கில், சிலவற்றின் ரேகை குறுக்குவாக்கில். அந்தக் குறுக்கு ரேகை கொடுக்கும் விறைப்பும் பலகையின் லேசான எடையும் சேர்ந்துதான் தட்டிய தட்டை வீணாக்காமல் திருப்பிக் கொடுக்கின்றன. ஓட்டுகிறவர்கள் இதற்குப் 'பாப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய ஸ்கேட்போர்டிலும் இதே கதைதான், அங்கே வழக்கமாக மேப்பிள் மரத்தாள் 7.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். முதல் நான்கு நாள் நான் பிளாஸ்டிக்கில் ஓட்டியதைவிட மோசமாகத்தான் ஓட்டினேன். பிளாஸ்டிக்கைக் கிளப்புவதற்காக விரலைக் குத்திக் குத்திப் பழகியிருந்தேன், மரத்துக்கு அந்தக் குத்து தேவையே இல்லை. ஐந்தாம் நாள்தான் கை அடங்கியது.

உங்கள் மகன் சும்மா மேஜையில் உருட்டி விளையாடுகிறான் என்றால் பிளாஸ்டிக்கே போதும். பலகையைக் கிளப்ப முயற்சி செய்து செய்து எரிச்சலாகிறான் என்றால் மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

அண்ணா, 29 மி.மீ., 32, 34 என்று ஏதேதோ போட்டிருக்கிறார்கள். எதை வாங்குவது?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

அது பலகையின் அகலம் தம்பி. நீளத்தில் பெரிய வித்தியாசம் வராது, பெரும்பாலும் 96இலிருந்து 100 மி.மீ.க்குள் இருக்கும்.

கணக்கு ஒன்று சொல்கிறேன், பிடித்திருந்தால் நோட்டில் குறித்துக்கொள். நிஜ ஸ்கேட்போர்ட் சுமார் 8 அங்குல அகலம், 32 அங்குல நீளம். எட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் அகலம் 25.4 மி.மீ., நீளம் 101.6 மி.மீ. பழைய பிளாஸ்டிக் போர்டுகள் 26 மி.மீ. வாக்கில் இருந்ததற்குக் காரணம் இதுதான், அவை நிஜப் பலகையின் பொம்மை. ஆனால் உன் விரல் உன் காலில் எட்டில் ஒரு பங்கு இல்லையே! விரலுக்கு ஏற்ற பலகை வேண்டும் என்று ஓட்டுகிறவர்கள் நினைக்க ஆரம்பித்ததும் அகலம் ஏறி 29 ஆகி, 32 ஆகி, இப்போது 34 என்பது சாதாரணம். பார்ப்பதற்கு நிஜம் மாதிரி இருக்காது, கொஞ்சம் குண்டாகத்தான் தெரியும்.

மெல்லிய விரல் என்றால் 32. என்னை மாதிரி வெண்டைக்காயில் முற்றின ரகம் என்றால் 33, 34. அகலம் கூடினால் விரலுக்கு இடம் கிடைக்கும், தரையிறங்கும்போது பிடிப்பது சுலபம். ஆனால் பலகையைப் புரட்டும் வித்தைகளில் சுற்று கொஞ்சம் மெதுவாக வரும்.

ஒன்றை மறக்காதே. அகலமான மர டெக்கை வாங்கிவிட்டு பழைய பிளாஸ்டிக் போர்டின் குட்டை ட்ரக்கை மாட்டினால் சக்கரம் உள்ளே ஒடுங்கி, பலகை ஓரத்தில் அழுத்தும்போதெல்லாம் சாயும். மூன்று வாரத்தில் முதல் வாரம் முழுக்க நான் இதில்தான் அவதிப்பட்டேன், பலகையைத் திட்டினேன், தப்பு ட்ரக்கில் இருந்தது. டெக்கின் அகலமும் ட்ரக்கின் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. எண்ணைப் பார்த்து ஏமாறாதே. ஒரே 32 மி.மீ. டெக் இரண்டு பேர் செய்தால் இரண்டு விதமாக இருக்கும், ஏனென்றால் பலகையை அழுத்தி வளைக்கிற அச்சு வேறு. வளைவின் உயரம், குழிவின் ஆழம், மூக்கின் நீளம், இவைதான் கையில் தெரியும். அகலத்தில் அரை மி.மீ. கூடக்குறைய இருந்தால் கைக்குத் தெரியவே தெரியாது.

இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது? வேலை இல்லாதவர்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

வேலையே ஸ்கேட்போர்ட் ஓட்டுவதாக இருந்தவர்கள் ஐயா. 1970களின் கடைசியிலேயே ஆங்காங்கே பையன்கள் தாங்களாகச் செய்து விளையாடியிருக்கிறார்கள். ஆனால் ஊருக்கெல்லாம் தெரிய வைத்தவர் என்று லான்ஸ் மவுண்டன் என்ற அமெரிக்க ஸ்கேட்போர்ட் வீரரைச் சொல்வார்கள். 1985இல் வெளிவந்த ஒரு ஸ்கேட்போர்ட் வீடியோவில் அவர் தானே செய்த குட்டிப் பலகையை ஓட்டிக் காட்டினார். எங்கே தெரியுமா? சமையலறை சிங்க்கில்! வழவழப்பான வளைவு, இரண்டு பக்கச் சுவர், காலி நீச்சல் குளத்தில் ஓட்டுகிற மாதிரியே இருக்கும் அல்லவா. என் பலகை சிங்க்கில் விழுந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர்தான், குக்கர் மட்டும் அவர் வீட்டு சிங்க்கில் இருந்திருக்காது. அந்தக் காலத்துப் பலகைக்கு மரத்துண்டு, குழாய்த் துண்டு, பொம்மை ரயிலின் அச்சு, இப்படிக் கையில் கிடைத்ததுதான் மூலப்பொருள். எப்படிச் செய்வது என்று ஒரு ஸ்கேட்போர்ட் பத்திரிகையில் எழுதியும் வைத்தார்.

ஆக, ஃபிங்கர்போர்ட் பிறந்ததே கையால் செய்த மரப் பலகையாகத்தான். பிளாஸ்டிக் பிறகு வந்தது. 1998இல் 'டெக் டெக்' என்ற பெயரில் கடைக்கு வந்து உலகமெங்கும் பரவியது (தமிழில் எழுதினால் இரண்டு சொல்லும் ஒன்றாகிவிடுகிறது, ஆங்கிலத்தில் வேறுவேறு). பசங்களுக்கு அது கிடைத்தது நல்லதுதான், ஏனென்றால் அதை வைத்துப் பழகிப் போதாமல் போனவர்கள்தான் திரும்ப மரத்துக்குப் போனார்கள்.

அதில் ஜெர்மனிக்காரர்கள் கை ஓங்கியது. பெர்லினில் பெர்லின்வுட் என்று மர டெக்குகள் வந்தன. பவேரியாவில் ஸ்வார்ட்சென்பாக் என்ற சின்ன ஊர், அங்கே மார்ட்டின் எரென்பெர்கர் என்பவர் பிளாக்ரிவர் என்ற கம்பெனியை ஆரம்பித்து விரல் ஓட்டத்துக்கான குட்டிக் குட்டிச் சரிவுகளையும் படிக்கட்டுகளையும் மரத்தில் செய்தார். ஊர்ப் பெயருக்கு ஜெர்மனில் கருப்பு ஓடை என்று அர்த்தம், கம்பெனிப் பெயரில் ஓடை ஆறாகிவிட்டது. அங்கே விரல் ஓட்டத்துக்குப் போட்டியே நடத்துகிறார்கள். அமெரிக்காவில் மைக் ஷ்னைடர் என்பவர் பள்ளிப் பையனாக இருந்தபோதே ஃப்ளாட்ஃபேஸ் என்று தொடங்கி, பேரிங் வைத்த குட்டிச் சக்கரங்களுக்குப் பெயர் வாங்கினார்.

வேலை இல்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள் ஐயா.

தேக்கு வினீர் நம் ஊரில் கிடைக்கிறதே. வீட்டிலேயே ஒரு டெக் செய்ய முடியுமா?
– மரவேலையில் ஆர்வமுள்ள வாசகர், நாகர்கோவில்

முடியும். நான் மூன்று செய்தேன். முதல் இரண்டும் குப்பைக்குப் போயின. அந்த இரண்டும் ஏன் போயின என்று சொல்வதுதான் உங்களுக்கு உதவும்.

முதலில் வினீர், அதாவது மேலே சொன்ன மெல்லிய மரத்தாள். பிளைவுட் கடைக்குப் போய் வினீர் என்று கேட்டால் பெரும்பாலும் 4 மி.மீ. பிளைவுட்டில் ஏற்கெனவே ஒட்டிய தகட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அது ஆகாது. ஒட்டாத வெறும் வினீர் தாள் வேண்டும் என்று சொல்லுங்கள், அரை மி.மீ. கனத்தில் இருக்கும். முழுத் தாள் வாங்க வேண்டியதில்லை, கதவுக்கும் அலமாரிக்கும் வினீர் ஒட்டுகிற ஆசாரியிடம் நல்லபடியாகக் கேட்டால் வெட்டிப் போட்ட துண்டுகளே பத்து டெக்குக்குத் தேறும். நான் அப்படித்தான் வாங்கினேன், எதற்கு என்று சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வையைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

அடுத்தது அச்சு. மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு வேண்டும். வண்டிக்கு டிங்கரிங் பண்ணும் இடத்தில் பட்டி பார்க்கிற பேஸ்ட் இருக்கிறதல்லவா, அதில் செய்யலாம். வளைவு பிடித்திருக்கிற ஒரு டெக்கை எடுத்து, ஸ்க்ரூ ஓட்டைகளை அடைத்து, பாலிதீன் தாள் சுற்றி, ஒரு பக்கத்தைப் பட்டியில் அழுத்துங்கள். காய்ந்ததும் மேலே இன்னொரு தாள் போட்டு அடுத்த பாதியை ஊற்றுங்கள். பட்டி சீக்கிரம் இறுகிவிடும், நெடி பலமாக இருக்கும், மொட்டைமாடியில் வைத்துச் செய்யுங்கள். த்ரீ டி பிரிண்டர் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் இந்த நெடியெல்லாம் தேவையில்லை.

வினீரை 12 செ.மீ.க்கு 5 செ.மீ. வாக்கில் 5 துண்டாக வெட்டுங்கள். இங்கேதான் என் முதல் டெக் போனது. ஐந்தையும் நீளவாக்கு ரேகையில் அடுக்கிவிட்டேன். பார்க்க அழகாக வந்தது, மூன்றாவது தட்டில் ரேகையோடு ரேகையாக நெடுக்கப் பிளந்தது. 1, 3, 5 நீளவாக்கு, 2, 4 குறுக்குவாக்கு என்று மாற்றி அடுக்கினால் பிளவு ஓடுவதற்கு வழி இருக்காது.

இரண்டாவது டெக் தாள் தாளாக உரிந்து வந்தது. தப்பு பசையில் இல்லை, தேக்கில். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, கதவு பல வருஷம் கெடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம், ஆனால் மேலே எண்ணெய் இருந்தால் மரப்பசை பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன்னால் துணியில் தின்னரோ அசிட்டோனோ நனைத்து இரண்டு பக்கமும் துடைத்து, ஆவியாக விட்டு, உடனே ஒட்ட வேண்டும். துடைத்து வைத்துவிட்டு மறுநாள் ஒட்டினால் எண்ணெய் திரும்ப மேலே வந்திருக்கும். பசை மெல்லிசாக, ஆனால் ஓரம் வரை படியும்படி. அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பாலிதீன் தாள். சி கிளாம்ப் நான்கு போட்டு, ஒரே பக்கம் முழுக்க முறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு நாள் முழுக்கக் கை வைக்காதீர்கள். நான் ஆறு மணி நேரத்தில் திறந்து பார்த்தேன், நிமிர்ந்துகொண்டது. இரண்டாவது போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஒத்துக்கொள்கிறேன்.

வெளியே எடுத்ததும் அது பலகை மாதிரியே இருக்காது, வளைந்த அப்பளம் மாதிரி இருக்கும். முதலில் ஓட்டை. பழைய பிளாஸ்டிக் டெக்கை மேலே வைத்து எட்டு ஓட்டைகளையும் குறித்துத் துளையிடுங்கள். அந்த ஓட்டைகளை அடையாளமாக வைத்து நடுக்கோடு போட்டு, பிறகுதான் வெளி வடிவத்தை வரைந்து வெட்ட வேண்டும். முதலில் வடிவம் வெட்டிவிட்டுப் பிறகு ஓட்டை போட்டால் ட்ரக் கோணலாக உட்கார வாய்ப்பு அதிகம். மெல்லிய பிளேடு உள்ள ரம்பத்தால் கோட்டுக்கு வெளியே வெட்டி, மீதியை உப்புத்தாளால் கொண்டு வாருங்கள். 120ஆம் நம்பர் தாள், அப்புறம் 220, கடைசியில் 400. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், தேக்குத் தூள் தொண்டைக்கு ஆகாது.

தேக்கு நல்ல டெக் ஆகுமா என்று கேட்டால், ஆகும், ஆனால் மேப்பிள் அளவுக்குக் கடினமில்லை. என் மூன்றாவது டெக்கின் வால் நுனி இரண்டு வாரத்தில் கொஞ்சம் மழுங்கிவிட்டது. சத்தமும் ஒரு சுதி கம்மி. இருந்தாலும் அதைத்தான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன்.

மர டெக் வாங்கினேன். இரண்டு மாதத்தில் ஓரத்தில் தாள் பிரிகிறது. ஏமாந்துவிட்டேனா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

கடற்கரை ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், மரம் அதைக் குடித்து உப்பும், ஏசி அறைக்குப் போனால் சுருங்கும். மேலும் கீழும் வார்னிஷ் இருந்தாலும் வெட்டுப்பட்ட ஓரம்தான் ஈரம் நுழைகிற வாசல். ஃபெவிக்விக்கை ஊசி முனையில் தொட்டுப் பிளவுக்குள் இறக்கி, பாலிதீன் சுற்றி, துணி கிளிப்பால் பத்து நிமிஷம் பிடித்து வையுங்கள். காய்ந்ததும் ஓரம் முழுக்க உப்புத்தாள் லேசாக ஓட்டி, வார்னிஷ் இரண்டு பூச்சு. ஓட்டைகளின் உள்சுவரிலும் ஒரு சொட்டு விடுங்கள், அதை யாரும் நினைப்பதே இல்லை.

அப்புறம் ஸ்க்ரூ. மரத்தில் கடைசிச் சுற்று வரைக்கும் இறுக்கக் கூடாது. பிளாஸ்டிக் தாங்கும், மரம் நசுங்கி ஓட்டை பெரிதாகும். ட்ரக் ஆடாத இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

கையால் செய்தது என்று நம்பி வாங்கினேன். பார்த்தால் ஓட்டை லேசாக ஒதுங்கியிருக்கிறது, ஒரு பக்கம் திருகின மாதிரியும் இருக்கிறது. திருப்பி அனுப்பலாமா?
– ஒரு வாசகர், சேலம்

எனக்கும் ஒரு முறை இப்படி நடந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு "கையால் செய்தால் அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் பாதி நியாயம் உண்டு, பாதி சால்ஜாப்பு.

மேல் தாளின் நிறம் மாறுவது, ஓரம் உருண்டிருக்கும் விதம் இரண்டு பக்கமும் மயிரிழை வேறுபடுவது, மூக்கும் வாலும் அச்சு அசலாக ஒன்றாக இல்லாதது, இதெல்லாம் கை வேலையில் வருவது, சில சமயம் வேண்டுமென்றே செய்வதும் கூட. மூக்கை வாலைவிடக் கொஞ்சம் நீளமாக வைப்பவர்கள் நிறைய. ஆனால் திருகல் வேறு விஷயம். ட்ரக்கும் சக்கரமும் மாட்டிக் கண்ணாடி மேல் வையுங்கள். மூலைக்கு மூலை விரலால் மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஒரு சக்கரம் தூக்கி ஆடினால், ஆடாத வேறு போர்டின் ட்ரக்கையும் சக்கரத்தையும் மாட்டித் திரும்பப் பாருங்கள். ஆட்டம் போய்விட்டால் குற்றம் பழைய ட்ரக்கிலோ சக்கரத்திலோ. அப்போதும் ஆடினால் பலகையில், தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். ஓட்டை ஒதுங்கியிருப்பதற்கும் ஒரு சோதனை: ட்ரக்கை மாட்டித் தரையில் லேசாக உருட்டி விடுங்கள். நேராகப் போனால் கண்ணுக்குத்தான் கோணல், ஓட்டத்துக்கு இல்லை, வைத்துக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக் போர்டோடு வந்த உப்புத்தாள் மாதிரியான ஸ்டிக்கரையே மர டெக்கிலும் ஒட்டலாமா?
– பள்ளி மாணவர், ஈரோடு

ஒட்டலாம், ஆனால் பாவம் விரல். நகத்தையும் தின்றுவிடும். மர டெக் ஓட்டுகிறவர்கள் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டுகிறார்கள், பஞ்சு மாதிரி அமுங்கும், விரலைப் பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூ மாட்டிய பிறகு மேலே ஒட்டி, ஓரத்தை பிளேடால் சீவிவிடு. கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பேரிங் சக்கரத்துக்கு முன்னால் டெக்கையும் இந்த டேப்பையும் வாங்கு, இது என் சொந்தக் கருத்து, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். முறுக்கு தின்ற கையோடு தொடாதே. எண்ணெய் ஏறிய ஃபோம் அப்புறம் வழுக்கத்தான் செய்யும்.

ஓல்லி வரவே மாட்டேன் என்கிறது அண்ணா.
– அதே கோயம்புத்தூர் மாணவர், இன்னொரு கடிதத்தில்

பலகையைக் கையால் பிடிக்காமல் காற்றில் கிளப்புவதுதான் ஓல்லி. ஃப்ளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் என்ற பையன் 1970களின் கடைசியில் குழிவான தளத்தில் இதைச் செய்தான், அவன் பட்டப்பெயர்தான் ஓல்லி. சமதரைக்குக் கொண்டு வந்தவர் ராட்னி முல்லன் என்ற அமெரிக்க ஸ்கேட்போர்ட் வீரர், 1980களின் தொடக்கத்தில். அவர்களுக்கே முழுக்கால் தேவைப்பட்டது, நமக்கு இரண்டு விரல்தான், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

நடுவிரல் வாலின் நுனியில். ஆள்காட்டி விரல் முன்பக்க ஸ்க்ரூவுக்குப் பின்னால், பலகையின் நடுவுக்குப் பக்கத்தில். நிறைய பேர் அதை மூக்கிலேயே வைத்துவிடுகிறார்கள், மூக்கை அழுத்திக்கொண்டே கிளம்பு என்றால் எப்படிக் கிளம்பும்? நடுவிரலால் வாலை ஒரே தட்டு, தட்டியதும் விரலை மேலே எடுத்துவிட வேண்டும், தரையோடு அழுத்தி வைக்கக் கூடாது. மூக்கு எழும்பும்போதே ஆள்காட்டி விரலை முன்னால் தேய்த்துக்கொண்டு போ, அந்தத் தேய்ப்புதான் வாலையும் மேலே இழுத்துச் சமன் செய்யும். கை முழுவதும் சேர்ந்து எழும்ப வேண்டும், மணிக்கட்டு மேஜையில் ஒட்டியிருந்தால் நடக்காது. முதலில் ஒரு தீப்பெட்டியைப் படுக்க வைத்துத் தாண்டு.

என் பையன் பத்தாம் வகுப்பு. ராத்திரி பதினொரு மணிக்கும் டொக் டொக் என்று சத்தம். கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். விரலுக்கும் ஏதாவது ஆகுமா?
– ஒரு தாய், சென்னை

விரல் வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா, மணிக்கட்டையும் நடுநடுவே உதறிக்கொள்ளட்டும். சத்தத்துக்கு வழி இருக்கிறது. மேஜைமேல் போர்வையை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் அவனுடைய எக்ஸாம் பேடை வைத்து ஓட்டச் சொல்லுங்கள், சத்தம் நன்றாகவே குறையும். பேடின் ஒரு முனையைப் புத்தகத்தின்மேல் சாய்த்தால் சரிவும் ஆயிற்று. எந்தப் புத்தகம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் கணக்குப் புத்தகம் சரியான உயரம்.

பதினொரு மணி விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான்.

கேரம் போர்டில் ஓட்டலாமா? நல்ல வழவழப்பாக இருக்கிறதே.
– ஒரு வாசகர், புதுச்சேரி

வேண்டாம். வழவழப்புதான் பிரச்சினை, வாலைத் தட்டினால் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். போரிக் பவுடர் பேரிங்குக்குள் புகுந்தால் சக்கரம் சுற்றுவதற்குப் பதில் அரைக்கும், கழற்றித் துடைக்க ஒரு மணி நேரம். அதைவிட முக்கியமானது, எங்கள் வீட்டு கேரம் போர்டில் என் மர டெக்கின் வால் பட்டு, சிவப்புக் காய் வைக்கிற வட்டத்துக்குள்ளேயே நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. மாமனார் இன்னும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.